கடைசி கண்டெய்னர்

ரூவியில், பெரிய தெருவிலிருந்து மூன்றாம் சந்து.
தையல்கடைக்கும் சிம் கார்டு விற்பவனுக்கும் நடுவே
பத்தடிக்குப் பதினாலடி என் கார்கோ ஆபீஸ்.
ஒரு தராசு, நாலு சுருள் டேப்பு,
நீலக் கயிறு, மூடி தொலைந்த மார்க்கர்.
பெட்டி ஊருக்குப் போகும்.
ஆள் இங்கே நிற்பான்.

முதல் வருஷம் எனக்குத் தெரிந்தது ஒரே வித்தை:
அவசரப்படுத்துவது.
'கடைசி கண்டெய்னர்!' என்று
வியாழன்தோறும் சிவப்பில் எழுதினேன்.
வாரம் தவறாமல் கடைசி.
பக்ரீத்துக்குக் கடைசி, தீபாவளிக்குக் கடைசி,
ஒன்றுமே இல்லாத வாரத்துக்கும் கடைசி.
சம்பளம் விழுந்த வெள்ளிக்கிழமை
கேம்ப்புகளில் இருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள்,
கோடாலித் தைலம், பால்பவுடர்,
புலி படம் போட்ட கம்பளி,
காலுறைக்குள் ஒளித்த செண்டுப் புட்டி.

எதிர்க்கடை குத்தூஸ்
கிலோவுக்கு ஐம்பது பைசா குறைத்தார்.
நான் நாளைக் குறைத்தேன்.
அவர் பதினைந்து என்றால் நான் பன்னிரண்டு.
அவர் பன்னிரண்டு என்றால் நான் பத்து.
கப்பலுக்கு இதொன்றும் தெரியாது.

சேர்மக்கனி,
மிஸ்ஃபா பக்கம் கம்பி கட்டுகிறவர்.
மகள் பிறந்து இருபது நாள்.
"பத்து நாள்ல போயிருமா அண்ணாச்சி?"
போயிரும் என்று மார்க்கரை ஆட்டினேன்.
ரோஸ் கவுன் ஒன்று,
கைப்பட்டை தீப்பெட்டி அகலம்.
அதை மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கச் சொன்னார்.
திறந்ததும் கண்ணில் படணுமாம்.

ஐம்பத்தாறு நாள் ஆனது.
ஐம்பத்தேழாம் நாள் அவர் படியேறினார்.
சண்டைக்கு என்று நினைத்து
கல்லாவைப் பூட்டினேன்.
போனை நீட்டினார்.
பிள்ளை மல்லாக்கக் கிடக்கிறது.
கை நுழையாத கவுனை
அதன் மேல் போர்த்திப் படம் எடுத்திருக்கிறாள் தாய்.
"நல்லாத்தான் இருக்கு, இல்ல?" என்றார்.
ஏசியிருந்தால்
கிலோவுக்கு நூறு பைசா தள்ளிக் கொடுத்து
அன்றே மறந்திருப்பேன்.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கி
போன வருஷத்து ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன்.
முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. முப்பத்தைந்து.
ஒரு பெட்டிகூட பத்து இல்லை.
காலையில் போர்டைத் துடைத்து
பெரிதாக 40 என்று எழுதினேன்.
கீழே பொடி எழுத்தில் 'நாள்'.

மச்சினன் தனசிங்
"இது விளம்பரமா, விரதமா?" என்றான்.
வாடகை வாங்க வந்த ஹமூத்
தமிழ் தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்து
நாற்பது சதவீதம் தள்ளுபடியா, கட்டுப்படியாகுமா
என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.
முதல் வெள்ளி எட்டுப் பெட்டி.
அடுத்த வெள்ளி ஐந்து.
குத்தூஸ் ஒரு டீ கொடுத்தனுப்பினார்,
துக்கவீட்டுக்கு அனுப்புவது போல.
நல்ல டீ. குடித்தேன்.
சிவப்பு மார்க்கரை இரண்டு தரம் கையில் எடுத்தேன்,
பொய் சொல்லவில்லை, எடுத்தேன்.

மூன்றாம் வெள்ளி, மஃரிப் பாங்கு கழிந்து
சேர்மக்கனி வந்தார்.
கூட கேம்ப் ஆட்கள் இரண்டு பேர்.
போர்டை விரல் வைத்துப் படித்தார்.
"நாப்பதுன்னா நாப்பதுதானே?"
"மேல ரெண்டு மூணு ஆகலாம்."
சொன்ன வாய்
என்னுடையதுதானா என்று பார்த்துக்கொண்டேன்.

அவர் பெட்டியைத் தராசில் ஏற்றவில்லை.
விரல் மடக்கினார், பிரித்தார்,
தெருவுக்கு அந்தப்பக்கம் துணிக்கடை வெளிச்சத்தைப் பார்த்தார்.
"அப்ப பிள்ளைக்கு அஞ்சு மாசம் ஆயிருக்கும்.
எந்த சைஸ் எடுக்கட்டும்?"

"ஆறு மாசத்துக்குள்ளதா எடுங்க."

அவர் போனார்.
கூட வந்தவர்கள் தங்கள் பெட்டிகளைக்
கயிறு போட நீட்டினார்கள்.
அவர் பெட்டியை நான் ஒட்டவில்லை.
கம்பளியை இரண்டு கையாலும் அமுக்கி
மேலே ஒரு கவுனுக்கு
இடம் செய்துகொண்டிருந்தேன்.