இறக்கத்தில் ரெண்டாம் கியர்

முப்பது மாத்திரையை அறுபது நாளுக்கு
நீட்டியிருக்கிறார், டீசலை நீட்டுவதுபோல.
சிலிகுரியில் லோடு இறங்காமல் கிடந்த மாதம்.
சங்ககிரிக்குப் போன் போட்டு அனுப்பச் சொன்னால்
வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

சேலம் பெரியாஸ்பத்திரி. ரிப்போர்ட்டைப் பிரிக்கிறேன்:
நூற்றெண்பத்து நாலாம் இடத்தில்
ஓர் எழுத்து மாறிக் கிடக்கிறது.

"மருந்தைக் கண்டுக்கிட்டு மாறிக்கிச்சா?
அதுக்கு அவ்வளவு மூளையா?"

மூளையே இல்லை, அர்த்தநாரி.
அவசரமாகப் பிரதி எடுக்கும், படித்துத் திருத்தாது.
நாள்தோறும் எண்ணற்ற பிழைகள்.
பெரும்பாலும் ஊனம், பிறந்ததும் சாகும்.
நீங்கள் பாதி திறந்துவைத்த செக்போஸ்டில்
நேரான வண்டிகள் திணற,
கோணல் வண்டி ஒன்று நுழைந்துவிட்டது.
நுழைந்தது பெருகியது. அவ்வளவுதான்.

டாக்டர் புது மருந்து எழுதினார்.
தோற்றுப்போன பழையதையும் சீட்டில் விட்டுவைத்தார்.
"வேலைக்காகாததை எதுக்கு முழுங்கணும்?"

மாறியதற்கு அது விலை கொடுத்திருக்கிறது.
மருந்துக்குள் பிழைக்கும், ஆனால் நொண்டும்.
நிறுத்தினால்
செல்லுக்குள் எங்கோ உறங்கும் பழைய பிரதி
இரண்டு காலிலும் எழுந்து ஓடிவரும்.
நொண்டியும் சாகாது, ஒளிந்துகொள்ளும்.

ஜன்னல் வழியே சேர்வராயனையே பார்த்திருந்தார்.
"ஏற்காட்டுக்கு சிமெண்ட் ஏத்தியிருக்கேன்.
இறங்குறப்ப பிரேக்க நம்பக் கூடாது.
ரெண்டாம் கியர்லயே விடணும்.
வண்டி முனகும். முனகட்டும்."

ராத்திரி ஒன்பதுக்கு அலாரம் வைத்தோம்.
டாஷ்போர்டில் வேண்டாம், வெயில் என்றேன்.
கிளீனர் கேட்டால் சுகர் மாத்திரை என்பாராம்.
வெள்ளிக்கிழமை கௌஹாத்தி லோடு.
கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் தராமல் கேட்டார்:
"ரெண்டு மாசத்துக்குச் சேர்த்துக் குடுப்பீங்களா?"