வெயிலிடம் கேட்டது

எங்கள் குடும்பத்துக்கு ஒரு கீறல் உண்டு.
நேர்கோடு ஒன்று, குறுக்கே இரண்டு.
துடுப்பில், வலைத்தக்கையில், கல்யாணத்தன்று
மாதா கோயில் மேசையின் ஓரத்தில்
மீன்கத்தியால் அப்பா வெட்டியது.
மூத்தவன் எனக்கு அதில் ஒரு வெட்டு கூடுதல்.
இளையவன் கிந்தீனோவுக்கு
அப்பாவின் கோடுகள் அப்படியே.
போவுவா கடற்கரையில் கடைக்குட்டிதான் வாரிசு.

நோய்க்கு இந்த முறையெல்லாம் தெரியாது.
ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் காசைச் சுண்டியது.
எங்கள் இருவருக்கும் ஒரே பக்கம் விழுந்தது.

சின்னக் கால் என்று அதற்கு இங்கே பெயர்,
ஏதோ குழந்தையைக் கொஞ்சுவது போல.
முதலில் விரல் நுனி மரக்கும்.
பிறகு சூடு போகும், குளிர் போகும்,
பிறகு சேவலைப் போலக் காலைத் தூக்கித் தூக்கி நடப்பாய்,
அப்பா நடந்த மாதிரி.
போன நவம்பரில் கணப்பின் மேல்
கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன்.
வாடை வந்தது.
மத்தி கருகுதே என்று அடுப்படிக்கு ஓடினாள் சுல்மீரா.
அடுப்பில் மத்தி இல்லை.

போர்ட்டோ ஆஸ்பத்திரியில்
கல்லீரல் மாற்றும் வரிசையில் நாற்பத்தொன்றாவது ஆள் நான்.
அதுவரைக்கும் இதைச் சாப்பிட்டுப் பாருங்கள் என்றார் டாக்டர் வியோலாண்ட்.
பழைய ஆன்டிபயாட்டிக்,
பருவுக்குக் கொடுப்பது, ஈறு வீக்கத்துக்குக் கொடுப்பது.
இவர் உடம்பில் கிருமியே இல்லையே,
கிருமி மருந்து எதற்கு என்றாள் சுல்மீரா.
நரம்பைச் சுற்றிப் படியும் நாரை
எலிகளில் இது கரைத்திருக்கிறது என்றார்.
மனிதரில்?
அதைத்தான் கேட்கிறோம், உங்கள் மூலமாக.

பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவு.
யாருக்கு எது என்று அவருக்கும் தெரியாது.
பாலோடு வேண்டாம். நிறையத் தண்ணீர்.
விழுங்கியதும் படுக்க வேண்டாம்.
வெயிலில் நிற்க வேண்டாம், தோல் சிவந்துவிடும்.

கடைசி வரியை
கிந்தீனோவும் கேட்டான், நானும் கேட்டேன்.
ரயிலில் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அந்த ஜூலையில் பதினொரு நாள் மூடுபனி.
கலங்கரை விளக்கம் பகலிலும் ஊதியது.
பன்னிரண்டாம் நாள் வெயில் வந்தது.
அலைதாங்கிச் சுவரில் நான் கை விரித்து உட்கார்ந்தேன்,
கடலுக்குக் கைரேகை காட்டுகிறவன் போல.
நாற்பது வருஷம் உப்பில் ஊறிய தோல்,
சும்மா ஒரு வெயிலுக்குச் சிவக்காது.
சிவந்தது.
வலித்தது கூட.
சுடுவது தெரிந்ததில் எனக்கு அழுகை வந்தது.

கிந்தீனோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
அவன் கை எப்போதும் போல, பழைய கயிற்றின் நிறம்.
உனக்கு? என்றான்.
சட்டைப்பையில் கை விட்டபடி
எனக்கும் ஒன்றுமில்லை என்றேன்.

அவனுக்கு முப்பத்துநாலு வயது.
மகள் இன்னும் நடக்கப் பழகவில்லை.

அன்றிரவு இரண்டு டப்பாக்களும் எங்கள் மேசையில்.
ஒரே பச்சை, ஒரே எடை.
லேபிள்தான் வேறு.
கெட்டிலின் ஆவியில் காட்டினேன், நோகாமல் கழன்றது.
சுல்மீரா கதவருகில் நின்றாள்.
எதுவும் கேட்கவில்லை, கெட்டிலைத் திரும்ப நிரப்பினாள்.

போர்ட்டோவில் ஒரு நாள் கணக்குப் போடுவார்கள்.
உதவியதா, உதவவில்லையா என்ற பத்தியில்
எங்கள் இரண்டு வரியும் பொய்.
எங்களுக்குப் பின்னால் பிறக்கிறவர்களிடமிருந்து
ஒரு துளிப் பதிலைத் திருடிவிட்டேன்.
தெரிந்துதான் செய்தேன்.
எலி என்றால் இதைச் செய்யாது.

ஒன்பதாம் நாள் ஓடி வந்தான் கிந்தீனோ,
ஓட்டம் என்று சொல்ல முடியாது, அந்தச் சேவல் நடையில்.
புறங்கையை முகத்துக்கு நேரே நீட்டினான்.
இறால் சிவப்பு.
எனக்கு மருந்துதான், அண்ணா, மருந்துதான்!

கையில் மருந்து வந்துவிட்டது, சரி.
கால் ஏதாவது சொல்கிறதா என்று
நான் கேட்கவில்லை.
என் கையில் நிறம் இறங்கிக்கொண்டிருந்தது.
மத்தி வாங்கினோம். வெயிலிலேயே நின்று சாப்பிட்டோம்.