முப்பத்துமூன்று அடி

மொட்டைத் தலையோடு ஊர் திரும்பியவனை
சந்தூர் பஸ் நிறுத்தத்தில் ஒரே கேள்விதான் கேட்டார்கள்:
திருப்பதியா?
ஆமாம் என்றேன்.
அடுத்த கேள்வி லட்டு.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு பேக்கரியில்
இரண்டு கிலோ வாங்கி
கடைப்பெயர் போட்ட பெட்டியைக் கிழித்தெறிந்து
பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தேன்.
கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றார்கள்.
பெருமாள் மன்னிப்பார்.
அவரே கடன்காரர்.

இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
பின்னந்தலையில் பிடுங்கி முன்னந்தலையில் நட்ட கணக்கு.
ஓசூர் டாக்டர் அதைச் சொன்னபோது
எனக்கு வாய் தவறிவிட்டது:
"ஒரு கன்னு என்ன விலை சார்?"

ஒட்டுமாங்கன்று விற்கிறவன் நான்.
கொட்டை முளைத்த தண்டைப் பிளந்து
செந்தூராக் குச்சியைச் சீவிச் செருகி
நாடா சுற்றி
மேலே பால் ஐஸ் உறை ஒன்றைக் கவிழ்ப்போம்.
உள்ளே வேர்க்கும்.
அந்த வேர்வையில்தான் உயிர்.

இப்போது நானே உறைக்குள்.

வெள்ளை உருளை, ஆறு நாற்காலி,
கப்பலில் இருந்து கழற்றி வந்ததுபோல் ஒரு கதவு.
பருத்திச் சட்டை மட்டும். எண்ணெய் கூடாது,
செல்போன் கூடாது, தீப்பெட்டி நினைப்பே கூடாது.
"முப்பத்துமூணு அடி தண்ணிக்குக் கீழ இருக்கற மாதிரிண்ணா,
எச்சி முழுங்கிட்டே இருங்க"
என்று ஜபீனா வெளியிலிருந்து பூட்டுகிறாள்.

முப்பத்துமூன்று அடி.
கே.ஆர்.பி. அணையில் இன்றைக்கு அதைவிட அதிகம் நிற்கிறது,
காலையில் பேப்பரில் பார்த்தேன்.
காது அடைக்கிறது. விழுங்குகிறேன்.
ஒரு பக்கம் திறந்துவிட்டது.
மற்றது தாலுக்கா ஆபீஸ் மாதிரி
யோசித்துக்கொண்டே இருக்கிறது.

எதிரே திம்மராயன்.
மாங்கூழ் டேங்கர் ஓட்டிச் சென்னைத் துறைமுகம் போகிறவர்.
சர்க்கரை. இடது காலில் ஆறாத புண்,
பெருவிரல் நுனி கறுத்திருக்கிறது.
அவருக்கு இருபத்தேழாவது நாள்,
எனக்கு நாலாவது.

முகமூடி மாட்டுமுன் என் தலையைப் பார்த்தார்.
"திருப்பதிங்களா?"

ஊருக்குள் வழுக்கிக்கொண்டு வரும் ஆமாம்
இங்கே இந்த அழுத்தத்தில் வரவில்லை.
"முடி நட்டிருக்கேன்.
இந்தக் காத்துல புண்ணு சீக்கிரம் ஆறுமாம், வேரு பிடிக்குமாம்.
டாக்டரே உறுதியாச் சொல்லலை."
சொல்லிவிட்டு அவர் காலைப் பார்க்காமல்
அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தேன்.

"எவ்ளோ ஆச்சு?"
சொன்னேன்.
"நாலு டயரு" என்றார், வண்டிக்காரக் கணக்கில்.
"எப்ப முளைக்கும்?"
"மூணாவது வாரம் நட்டதெல்லாம் கொட்டிடும்.
அதுக்கப்புறம்தான் முளைக்கும்."
"கொட்டறதுக்கா காசு குடுத்தீங்க!"
சிரிப்பு உருளைக்குள் தகரத்தில் மோதித் திரும்பியது.
கண்ணாடிச் சாளரத்தை ஜபீனா தட்டினாள்: மாஸ்க், மாஸ்க்.

பிறகு ஒரு மணிநேரம் மூச்சுதான்.
அவருடையது, என்னுடையது,
தாடையில் கட்டுப்போட்ட ஓர் அம்மாளுடையது.
ஒரே குழாயிலிருந்து ஒரே காற்று.
அதற்குத் தெரியாது
எது உயிர்ப்பிரச்சினை, எது கண்ணாடிப் பிரச்சினை என்று.

குச்சி வெட்டப் பத்து நாள் முன்பே
அதன் இலைகளைக் கிள்ளிவிடுவோம்,
மொட்டையான குச்சிதான் ஒட்டும் என்று
அவரிடம் சொல்லத் தோன்றியது.
வாயில் முகமூடி.
நல்லதாய்ப் போயிற்று.

என் பத்தாவது, கடைசி நாளில்
அவர் நாற்காலியில் வேறொருவர்.
சேலத்துக்குப் போயிருக்கார்ண்ணா என்றாள் ஜபீனா,
அதற்குமேல் பேசாமல்
நம்பரை மட்டும் ஒரு சீட்டில் எழுதித் தந்தாள்.

மூன்றாவது வாரம், சொன்ன வாக்குத் தவறாமல்,
தலையணை உறையெங்கும் குட்டை முடிகள்.
எண்ண ஆரம்பித்து, நாற்பதில் விட்டுவிட்டு,
போன் போட்டேன்.

"யாரு... முடிக்காரரா! கொட்டிடுச்சா?"
"கொட்டிடுச்சுங்க."
"எனக்கும்" என்றார்.
"விரலோட போச்சு. காலு நின்னுடுச்சு."

சற்று நேரம் இரண்டு பக்கமும்
எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தோம்.