பின்குடல்

ஜூலை. கெயோன் துறையில் மழை பக்கவாட்டில் பெய்கிறது.
ஏழாம் தொட்டியில் விரல்நீள சால்மன்கள்
எதிர்நீச்சல் போடுகின்றன
எங்கும் போகாமல்.

எடுவினா நவுவெல்கின் முன்பு ஊசிக்காரி.
மயங்கிக் கிடக்கும் மீனை ஒவ்வொன்றாய் இடக்கையில் மல்லாத்தி
வயிற்றில் ஒரு குத்து.
நாளுக்கு ஒன்பதாயிரம்.
குத்திய கட்டைவிரல் இன்றும்
குளிர்காலத்தில் தனியாக விழித்துக்கொள்கிறது.

இப்போது ஊசி இல்லை, தீனிதான்.
செத்த கிருமியை மீனெண்ணெயில் குழைத்து,
போன வழி தெரியட்டுமென்று
பச்சையாய் ஒளிரும் துகளும் கலந்து
மூன்று நாள் தூவினாள்.
விருந்தும் மருந்தும் ஒரே கையள்ளலில்.

நான்காம் நாள் கத்தி.
மெழுகில் புதைத்த குடலை
வெங்காயத் தோலைவிட மெல்லியதாய்ச் சீவி
கண்ணாடியில் ஏற்றி
விளக்கை அணைத்தாள்.

குடலின் முன்பகுதிக்கு எதன்மீதும் மரியாதை கிடையாது.
இறாலோ சோயாவோ வந்ததை உடைக்கும்,
பெயர் போகும்வரை உடைக்கும்.
கடைசி இரண்டு சென்டிமீட்டருக்கு மட்டும் வேறு குணம்.
அங்கே உயிரணு தன் விளிம்பைக் குழித்து
துகளை முழுசாக விழுங்குகிறது.
கருவுக்கு மேலே ஒரு பை.
அதில் வைத்துக்கொள்கிறது,
இரவல் வாங்கிய பாத்திரத்தைப்போல.
பின்னால் காவலணு நிற்கிறது
வாங்கிப்போக.

மீனுக்கு நிணநீர் முடிச்சுகள் இல்லை.
தலையை ஒட்டிச் சிறுநீரகம், ஒரு மண்ணீரல்,
உடம்பெங்கும் சளி,
இவ்வளவுதான் கோட்டை.
பிடித்ததைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்க்
காட்டுகிறது காவலணு:
இந்த முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்.

பச்சைப் புள்ளிகள்.
சதை மடிப்புகளில் வரிசையாக,
இரவில் தீவுகளின் விளக்குகள்போல.
எண்ணினாள். எண்ணும்போது
உதடு அசைவது அவள் பழக்கம்.

ஆறாம் வாரம் சளியில் எதிர்ப்பு ஊறியிருந்தது.
எண்கள் ஏறின.
மேலாளர் பாரியா போனிலேயே கைதட்டினார்.

அந்த வாரத்து மீன் ஒன்றில்தான்
நீலம்.

அவள் நீலம் எதுவும் ஊட்டவில்லை.
மயிரிழையில் பத்திலொரு பங்கு,
இரு மடிப்புகளுக்கு நடுவே சிக்கிய நார்.
சுற்றிலும் வெள்ளணுக்கள்
கூடி, வீங்கி, நெருக்கியடித்து
வாரக்கணக்காக.
தின்னவும் வழியில்லை,
விட்டுப் போகவும் மனமில்லை.
கிருமியென்றால் முகம் இருக்கும்,
இதற்கு எந்த முகத்தை எடுத்துப்போய்க் காட்டுவது?

குறிப்பேட்டில் எழுதினாள்:
அடையாளம் தெரியாத துகள். ஒன்று.
நிறம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள்.

வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.
பல்தொமேரோ ஸ்வெட்டரோடு தூங்கிவிட்டிருந்தான்.
காலையிலிருந்து சிப்பிக் கயிறுகளை இழுத்தவன்,
உள்ளங்கை இரண்டும் பிளந்திருந்தன.
தொட்டிக்குத் தண்ணீர் உறிஞ்சும் குழாய்
அவன் கயிறுகள் தொங்கும் அதே குடாவில்தான்
வாய் திறந்திருக்கிறது.
முழங்கைக் கம்பளியில் நீலப் பிசிறு.
தோளில். தாடியில்கூட ஒன்று.

எழுப்பாமல் ஒன்றைப் பிய்த்து
மாதிரி உறையில் போட்டாள்.
தேதி எழுதினாள்.
குடாவின் பெயர் எழுதினாள்.
ஆள் பெயருக்கும் ஓர் இடம் இருந்தது.

"சூப் ஆறிடும்," என்றான் கண் திறக்காமல்.

சிப்பி சூப்.
அவள் கரண்டியைத் தூக்கி
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்,
கொஞ்ச நேரம்.
"உப்பு குறைச்சலா?"
"இல்ல."
குடித்தாள்.
தொண்டைக்குக் கீழே
அவளைக் கேட்காமலே
வேலை தொடங்கியிருக்கும்.

காலையில் இரண்டு நீலமும்
ஒரே விளக்கடியில் கிடந்தன.
ஏழாம் தொட்டியில் தீனி விழும் சத்தம் கேட்டது,
தண்ணீர் கொதிப்பதைப்போல
மீன்கள் மேலே வந்தன.
அவள் இன்னும் குனியவில்லை.
லென்ஸைத் துடைத்தாள்.
மறுபடி துடைத்தாள்.