கடலைவிட உப்பு

இரவு பத்தே கால்.
படுக்கையருகே இரண்டு சின்னக் கோப்பைகள்.
அளந்து ஊற்றித் தண்ணீர் கலந்து மூடி திருகியவை.
ஒன்றில் 1, மற்றதில் 2 என்று
வெய்க்கோ எழுதி ஒட்டிய காகிதம்.
அவன் கையெழுத்தில் இரண்டு எப்போதும்
கழுத்து நீண்ட வாத்து.

கட்டிலில் உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும்.
நின்றபடி குடித்தால்
விழும் இடத்தைத் தூக்கமே தேர்ந்தெடுக்கும்.
முதல் வாரம் நான் நம்பவில்லை.
குடித்துவிட்டுப் பல் தேய்க்கப் போனேன்.
கழுவுதொட்டியின் விளிம்பு
இன்னும் என் புருவத்தில் இருக்கிறது.

ஊலு நகரத்துக் கடலில் உப்பு பேருக்குத்தான்.
ஆறுகள் வந்து வந்து
அதைச் சப்பென்று ஆக்கிவிட்டன.
பனிக்காலத்தில் அதன்மேல் சைக்கிள்கூட ஓட்டலாம்.
நான் நாக்கில் வைத்த நிஜக் கடல்
இந்தக் கோப்பையில் இருப்பதுதான்.
இரண்டு மடக்கு.
கண்ணைக் கட்டுவதற்குள் விளக்கை அணைப்பது
வெய்க்கோ.

ஒன்றரைக்கு அலாரம்.
நன்றாகத் தூங்குவதற்காகத்
தூக்கத்திலிருந்து எழுப்புகிறார்கள் என்னை.
வாத்தைத் தடவித் தேடி, குடித்து,
திரும்ப விழுகிறேன்.

ஒருமுறை அலாரம் எங்கள் இருவரையும் வெல்லவில்லை.
கண் விழித்தால் ஐந்து மணி.
வாத்து முழுசாக நிற்கிறது.
கொட்டிவிட்டேன்.
ஐந்துக்கு நான் அதைக் குடித்தால்
எட்டு மணிப் பேருந்தில் அது என்னைக் குடித்துவிடும்.

தங்கையின் பெயர்நாள் விருந்தில்
ஒரு கிளாஸ் வைன் குடித்த இரவு
கோப்பைகளை எடுக்கவே இல்லை.
ஒன்பது தடவை விழித்தேன்,
ஒன்பது தடவையும் அறையில் யாரோ நிற்பதுபோல் கனவு.
வைன் சுமார்தான்.

பள்ளியில் என்னைக் கரடி என்பார்கள்.
ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போவேன்,
வரி மெல்லச் சரிந்து
பக்கத்தின் ஓரத்தில் விழுந்து கிடக்கும்.
சோம்பேறி என்று பெயர் வாங்கப் பதினெட்டு வருடம்,
நோய் என்று பெயர் வாங்க ஒரே ஒரு இரவு,
தலையெல்லாம் ஒயர்களோடு.

இப்போது பியானோ சுதி சேர்க்கிறேன்.
காலை ஏழுக்கு வெள்ளை மாத்திரை.
மறந்துபோய் மாலை நாலுக்கு ஞாபகம் வந்தால்
அது தொலைந்த மாத்திரை.
நாளைக்கு இரண்டாகப் போட்டு
ஈடுகட்டுகிற கணக்கு இதில் கிடையாது.
அன்றைக்கு மட்டும் கீழ்ஸ்தாயியில்
கொஞ்சம் கொட்டாவி கேட்கும்.

கடையில் என்னோடு வேலை செய்பவன் ஓஸ்மோ.
அவனுக்கு ஏழு வாரக் குழந்தை.
கண்ணுக்குக் கீழே இரண்டு பை தொங்க
வந்து கேட்டான்:
"தூலிக்கி, அந்த வெள்ளையில் ஒன்று கொடேன்.
ஒன்றே ஒன்று."
மாட்டேன் என்றேன்.
"உனக்கு விழிப்பு உபரியாக இருக்கிறது,
பகிர்ந்தால் என்ன?"
"உபரி இல்லை ஓஸ்மோ, கடன்.
என் நெஞ்சைக் கேட்டு, ரத்த அழுத்தம் பார்த்து,
என் பெயரில் எழுதிக் கொடுத்த கடன்.
உன் இதயத்தை யார் கேட்டார்கள்?"
மூன்று நாள் பேசவில்லை அவன்.
நான் டப்பாவைக் கைப்பையிலிருந்து எடுத்து
வீட்டுப் பூட்டு அலமாரிக்கு மாற்றினேன்.
அதுவும் அவனுக்குத் தெரியும்.

நான்காம் நாள் மதியம்
ஒரு பெரிய பியானோவின் மூடிமேல் தலை சாய்த்து
ஓஸ்மோ குறட்டை விட்டான்.
உள்ளே தந்திகள் அதற்கு எடுத்துக் கொடுத்தன.
குறட்டை ஏற ஏற
நடுவில் ஒரு தந்தி மட்டும்
ம்ம் என்று ஆமோதித்தது.
நான் சிரித்தேன்.

எனக்குச் சிரிப்பென்றால் முழங்காலுக்கு விடுமுறை.
அப்படியே மடிந்து தரையில்,
சுதிக்கட்டை கையில்.
தூங்கவில்லை. எல்லாம் கேட்கிறது.
கதவு மணி கேட்கிறது.
பனிக்காலணி உதறும் சத்தம்.
தேவாலயப் பாடகர் குழுவின் சைமி அம்மாள்
எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு
யாரிடமோ கேட்பதுபோல் கேட்கிறாள்:
"இதில் யாரை முதலில் எழுப்புவது?"

அவனை விட்டுவிடுங்கள், பாவம்,
எனக்கு அலாரம் ஒன்றரைக்குத்தான்
என்று சொல்ல நினைத்தேன்.
நாக்கு இன்னும் வந்து சேரவில்லை.