பின்னால் வரும் வண்டி

பத்தொன்பதாவது மைலில்
கியர் மாற்றும் சத்தம் கேட்டது.
திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.
இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில்
முள் சிக்கிய பூனைபோல இருமும் வண்டி
கிரிம்ஸ்பியில் ஒன்றுதான்.

செவ்வாய், வியாழன், சனி
சிறுநீரகம் ஓய்ந்தவர்களை
இரத்தம் கழுவக் கூட்டிப்போகும் வண்டி.
அதன் கியர்ப்பெட்டிக்காகத்தான் ஓடுகிறேன்.
ஆயிரத்து எண்ணூறு பவுண்.
இன்று ஞாயிறு.
ஓட முடியாதவர்களை அள்ளிக்கொண்டு வர
ஏற்பாட்டுக்காரர்கள் அதை இரவல் வாங்கியிருக்கிறார்கள்.
எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

காசு சேர்த்த கதை தனி.
மீன் ஆலையில், இரவு வேலையில்,
டோரீன் மைலுக்கு ஐம்பது பென்ஸ் எழுதினாள்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வோய்ச்செக்
முடித்தால் இருபது, முடிக்காவிட்டால் நாற்பது என்றான்.
கூடின காசு உன் முழங்காலுக்காம்.
ஹல்லில் இருக்கும் மைத்துனி,
ஐம்பத்திரண்டு வயதில் நீ அரைக்காற்சட்டை போடாமலிருக்க
எவ்வளவு வேண்டும் என்று கேட்டாள்.
நூறு என்றேன்.
தந்தாள்.
முழுக்காற்சட்டையோடுதான் ஓடுகிறேன்.

கிளீதோர்ப்ஸ் கடற்கரை. கடல் என்று பேர்தான்.
வற்றுக்கு அது எங்கோ போய்விட்டது,
சேறு மட்டும் மினுங்குகிறது.
நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறது காற்று,
கடன் கேட்டு வந்தவளை
வாசலிலேயே நிறுத்துகிறமாதிரி.

வண்டி பக்கத்தில் வந்து
என் நடைக்கு ஊர்ந்தது.
டெரெக் கண்ணாடியை இறக்கினான்.
பதினாலு மாதம், வாரத்தில் மூன்று நாள்
எங்கள் வீட்டு வாசலில் ஹோர்ன் அடித்தவன்.
"ஏறு மங்கை. போதும்.
தெருவைத் திறக்கப் போகிறார்கள்."

உள்ளே பார்த்தேன்.
போர்வை சுற்றிய ஏழு பேர்.
மூன்றாவது வரிசை, ஜன்னலோரம்,
வாழைப்பழ வேடத்தில் ஒரு பையன்
கெண்டைக்காலைப் பிடித்தபடி முனகினான்.
இருக்கைப் பட்டி அவனுக்கு எட்டவில்லை.
எட்டாது.
குலசிங்கத்தின் கடைசி மாத இடுப்புக்கு
நான்தான் அதைச் சுருக்கி முடிச்சிட்டேன்.
இன்னும் எவரும் அவிழ்க்கவில்லை.

"நடக்கிறேன்," என்றேன்.
ரூல்ஸ் இருக்கு என்றான் டெரெக்.
அதைத் தமிழில் விதி என்று சொன்னால்
இன்னொன்றும் கூட வந்து நிற்கும் என்று
அவனுக்கு எப்படி விளங்கும்?

அதன் பிறகு நாலு மைல்.
குதிக்காலை முகர்ந்துகொண்டே வந்தது இருமல்.
நகக்கண்ணில் இரத்தம் கசிந்து
சப்பாத்துக்குள் சதசதத்தது.
மூடிய கடைகளின் கண்ணாடியில்
யாரோ ஒரு பெண், வாயைத் திறந்தபடி,
என்னோடு விடாமல் வந்தாள்.

இருபத்திமூன்றாவது மைல்,
துறைமுகப் பாலத்து ஏற்றம்.
ஒரு இருமல்.
இன்னொன்று.
பிறகு
வெறும் கடற்புறாக்கள்.

திரும்பிப் பார்த்தேன்.
பொனற்றைத் திறந்துவைத்து நிற்கிறான் டெரெக்.
புகை அவன் தலையை மறைக்கிறது.
வாழைப்பழம் இறங்கி
நொண்டி நொண்டிப் பின்னாலிருந்து தள்ளுகிறது.
டெரெக் கையசைத்தான்.
போ என்றானா, நில் என்றானா?
ஆயிரத்து எண்ணூறு இனிப் போதாது என்று
மனம் கணக்குப் போட்டது.
சிரிப்பு வந்தது. சிரிக்க விலா பிடித்தது.
என்னை அள்ள இனி வண்டியில்லை.
எந்தக் கியர்ப்பெட்டிக்காக ஓடுகிறேனோ
அது உடைந்ததால்தான்
மிச்ச மூன்று மைலும் எனக்குக் கிடைத்தது.

முடிவு வளைவுக்குக் காற்று இறக்கி
பாதி மடித்திருந்தார்கள்.
மணிக்கூடு அணைந்திருந்தது.
பதக்கப் பெட்டியைக் காரில் ஏற்றியவள்
என்னைக் கண்டு திரும்ப இறக்கினாள்.
வோய்ச்செக்குக்கு இருபது பவுண் மிச்சம்.
"வண்டி எங்கே? மற்றவர்கள்?" என்று கேட்டாள்.

கோட்டிலேயே குந்தினேன்.
மூச்சு வந்து சேரக் கொஞ்ச நேரமாயிற்று.
"நாலு பேர் வேண்டும்," என்றேன்.
அவள் முகம் வெளுத்தது.
"தள்ள."