பதினொரு புள்ளி

ஹாலிஃபாக்ஸ் நூலகத்தின் கீழ்த்தளம்,
வியாழன்தோறும் ஸ்கிராபிள்.
டோரீன் ஆறு கட்டைகளை அடுக்கினாள்:
பி, ஏ, ஆர், ஐ, ஏ, எச்.
பதினொன்று.
இளஞ்சிவப்புக் கட்டத்தில் விழுந்ததால் இருபத்திரண்டு.

"பரையா" என்று வாசித்தாள்.
றகரம் அவள் வாயில் மழுங்கிக் கிடந்தது.
"யாரும் சேர்க்காத ஆள். தெரியுமா இந்தச் சொல்?"

தெரியும்.
அதற்குள் ஒரு தோற்கருவி இருக்கிறது,
சூடு காட்டினால்தான் பேசும்.
தேத்தண்ணிக் கடைக்கு வெளியே
என் அப்பாவை நிறுத்திவைத்ததும் அதுதான்.
பிறகு கப்பலேறிப் போய்
அகராதியில் நல்ல வேலையில் சேர்ந்துவிட்டது.
நேற்று வானொலியில் ஏதோவொரு நாட்டை
அப்படி அழைத்தார்கள்.

என் தட்டில் ஓர் எஸ்.
வாலில் ஒட்டினால் பன்மை.
டோரீன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் வைக்கவில்லை.

கடைசியில்
கையில் மீந்த எழுத்துக்கு ஒரு புள்ளி கழித்தாள்.
"இதை வைத்திருந்தால் வென்றிருப்பாயே, சேந்தன்!"

கட்டைகளை அள்ளித் துணிப்பைக்குள் போட்டேன்,
கலகலவென்று.
எங்கள் பக்கம் பறைவது என்றால் சொல்வதும்தான்.
அவள் கோட்டை மாட்டத் தொடங்கியிருந்தாள்.
"கொஞ்சம் இரு, டோரீன்" என்றேன்.